அத்தியாயம் 5: மழையைக் கேட்டு வழி போடுங்கள் – இலங்கையில் எதை, எப்போது பார்ப்பது

இலங்கைக்குப் போய் வந்த இருவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர், "வெயிலும் கடலும் அப்படி இருந்தது" என்பார். இன்னொருவர், "ஒரே மழை, ரூமை விட்டு வெளியே வரவே முடியவில்லை" என்பார். இரண்டு பேரும் ஒரே மாதத்தில்தான் போயிருப்பார்கள். ஒருவர் கிழக்கே போனார், மற்றவர் மேற்கே போனார்.

தீவின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறக்குறையச் சரிபாதி. இவ்வளவு சின்ன நிலத்துக்கு இரண்டு மழைக்காலம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை யாழ்ப்பாணத்தில் சோளகம் என்பார்கள். அது கொழும்பையும் காலியையும் மலையகத்தின் மேற்குச் சரிவையும் நனைக்கும். நடுவே நிற்கும் மலைகள் மழையை வாங்கிக்கொள்வதால் திருகோணமலையும் யாழ்ப்பாணமும் அப்போது காய்ந்து கிடக்கும். டிசம்பரில் வாடைக்காற்று வந்துவிட்டால் கதை தலைகீழ்: கிழக்கும் வடக்கும் நனையும், தெற்குக் கடற்கரையில் வெயில் அடிக்கும். அக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் மழைதான். அந்த இரண்டு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். புயலும் மண்சரிவும் வரும் பருவம் அது. மலைப்பாதை ஒரு முறை சரிந்தால் ரயிலும் பஸ்ஸும் நாள்கணக்கில் நின்றுவிடும்.

ஆகவே முதலில் இடங்களின் பட்டியலை எழுதாதீர்கள், மாதத்தை எழுதுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் போகிறீர்களா? மலையகம், சிவனொளிபாதமலை, தெற்குக் கடற்கரை. ஜூலை முதல் செப்டம்பர் வரையா? சிகிரியா, பொலன்னறுவை, மின்னேரியா யானைகள், திருகோணமலை, யாழ்ப்பாணம். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்குப் பத்து நாள் போதாது; வேனுக்குள் உட்கார்ந்திருந்த நேரம்தான் நினைவில் நிற்கும். மலைச் சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். சென்னை–திருச்சிக் கணக்கை இங்கே போடக் கூடாது.

இன்னொரு நாட்காட்டியும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே 'போயா' விடுமுறை. அன்று மதுக்கடைகள் மூடியிருக்கும். விகாரைகளிலும் மலைகளிலும் உள்ளூர் மக்கள் திரண்டிருப்பார்கள். கூட்டத்தைப் பார்க்க விரும்பினால் அதுவே நல்ல நாள். இடத்தைப் பார்க்க விரும்பினால் வேறு நாள் பாருங்கள்.

சிகிரியா

சமவெளியில் திடீரென்று 180 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறை. அதன் உச்சியில் ஓர் அரண்மனையின் அடித்தளங்கள். கட்டியவன் முதலாம் காசியப்பன். ஆண்டது 477 முதல் 495 வரை. தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறியவன். புதைத்து வைத்த செல்வம் எங்கே என்று மகன் கேட்டபோது, தாதுசேனன் தான் வெட்டிய கலாவெவ ஏரிக்குப் போய், இரண்டு கையிலும் நீரை அள்ளி, இதுதான் என் சொத்து என்று காட்டினான் என்கிறது பழைய வரலாற்று நூலான சூளவம்சம். தம்பி மொகல்லானன் இந்தியாவுக்குத் தப்பியோடி, பதினெட்டு ஆண்டு கழித்துப் படையுடன் திரும்பினான். போர்க்களத்தில் சதுப்பைக் கண்டு காசியப்பனின் யானை சற்றுத் திரும்ப, மன்னன் பின்வாங்குகிறான் என்று படை சிதற, அவன் தன்னையே மாய்த்துக்கொண்டான். மலை பிறகு பிக்குகளுக்குப் போயிற்று. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு ஏறினால் படிகள் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். உண்மையில் ஏறத்தாழ 1,200 படி.

வாசல் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். ஏறும் வழியின் பெரும்பகுதி பாறையின் மேற்கு முகத்தில் இருக்கிறது. காலையில் அங்கே நிழல். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், உச்சியில் ஒதுங்க நிழல் குறைவு. பாதி வழியில் சுழல் படி ஏறினால் ஓவியப் பெண்கள். அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை, ஒரு விதத்தில் நல்லது. மக்கள் நின்று பார்க்கிறார்கள்.

ஓவியங்களைத் தாண்டியதும் கண்ணாடிச் சுவர். ஒரு காலத்தில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்ததாம். ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கே வந்த சுற்றுலாப் பயணிகள் அந்தப் பெண்களைப் பற்றிச் சுவரில் பாட்டுக் கீறிவிட்டுப் போனார்கள். தொல்லியலாளர் செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956இல் நூலாக வெளியிட்டார். அன்றைய கிறுக்கல் இன்றைக்கு இலக்கியம். அதற்காக நீங்கள் ஆணியை எடுத்துவிடாதீர்கள். 2015இல் இந்தச் சுவரில் பெயரைக் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு ஆண்டு சிறை விதித்தார்கள். பிறகுதான் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார்.

மூட்டு வலி உள்ளவர்கள் சிங்கப் பாதங்கள் இருக்கும் மேடை வரை வந்தால் போதும். அதற்கு மேல் பாறையை ஒட்டிய இரும்புப் படிகள். கீழே பார்த்தால் தலை சுற்றுபவர்கள் ஏற வேண்டாம். அந்த மேடைக்கு மேலே குளவிக்கூடுகள் தொங்கும். சத்தம் போடாதீர்கள் என்ற பலகையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இறங்கி வரும்போது கீழே நீர்த்தோட்டங்களில் கொஞ்சம் நில்லுங்கள். பெரும்பாலோர் ஏறும் அவசரத்தில் தாண்டிப் போய்விடும் இடம் அது. நல்ல மழைக்குப் பின் போனால், ஐந்தாம் நூற்றாண்டு நீரூற்றுகள் மோட்டார் எதுவும் இல்லாமல், நீரின் அழுத்தத்தாலேயே மெல்லக் கொப்பளிப்பதைப் பார்க்கலாம்.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டவர் கட்டணம் டாலரில் இருக்கும், கேட்டால் திடுக்கிடும். ஆனால் சார்க் நாட்டவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. சீட்டு வாங்குமிடத்தில் கடவுச்சீட்டைக் காட்டினால்தான் கிடைக்கும், நகல் செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள். தொகை அடிக்கடி மாறுகிறது, போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே இருக்கும் பிதுரங்கல பாறைக்குக் கட்டணம் குறைவு. சிகிரியாவை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்துதான் பார்க்க வேண்டும். கடைசிப் பகுதியில் பாறைகளுக்கு நடுவே கையூன்றித் தவழ வேண்டியிருக்கும். சேலையும் வேட்டியும் சரிப்படாது.

பக்கத்திலேயே தம்புள்ளைக் குகைக் கோயில். ஐந்து குகைகள், கூரையெங்கும் ஓவியம். செருப்பைக் கழற்றிய பிறகு நடக்கும் பாறை நண்பகலில் தோசைக்கல் மாதிரி கொதிக்கும்; ஒரு ஜோடி காலுறை எடுத்துப் போங்கள்.

மின்னேரியா: குளம் வற்றும்போது

மகாசேன மன்னன் மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய குளம் மின்னேரியா. கோடையில் நீர் பின்வாங்க, கரையில் இளம்புல் முளைக்கிறது. சுற்றுக் காடுகளெல்லாம் காய்ந்திருக்கும் அந்த நாள்களில் யானைகள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்துசேரும். ஆகஸ்டு, செப்டம்பர் உச்சம். ஒரே மாலையில் இருநூறுக்கும் மேல் பார்த்தவர்கள் உண்டு. குட்டிகளை நடுவில் விட்டுப் பெண் யானைகள் வட்டமாக நகரும். மேற்கே சாயும் வெயிலில் அந்தப் புழுதியைப் பார்க்க வேண்டும்.

மதியம் மூன்று மணிக்கு ஜீப் எடுங்கள். குளத்தில் நீர் உயர்ந்து புல் மூழ்கிப்போன ஆண்டுகளில் யானைகள் பக்கத்துக் கவுடுல்லைக்கோ ஹுருலு காட்டுக்கோ போய்விடும். இன்றைக்கு எங்கே நிற்கின்றன என்று ஜீப் ஓட்டுநரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். மின்னேரியாவுக்குத்தான் போக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். நெருக்கிப் போகச் சொல்லவும் வேண்டாம். பத்து ஜீப் ஒரு குட்டியைச் சூழ்ந்து நிற்பதைப் பார்த்த நாளில் நான் பாதியிலேயே திரும்பச் சொன்னேன்.

பொலன்னறுவை: சோழ அரசியின் பெயரில் ஒரு கோயில்

ராஜராஜன் காலத்தில் சோழப் படை அனுராதபுரத்தை வீழ்த்தியதும் தலைநகர் இங்கே நகர்ந்தது. சோழர் வைத்த பெயர் ஜனநாதமங்கலம். ஏறத்தாழ எழுபது ஆண்டு ஆண்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் விட்டுச் சென்றவற்றில் முழுதாக நிற்பது வானவன்மாதேவி ஈச்சரம். சோழ அரசி ஒருவரின் பெயர். பெயர்ப் பலகையில் இதைத் தேடினால் கிடைக்காது, 'சிவ தேவாலயம் எண் 2' என்று எழுதியிருப்பார்கள். சுற்றிலும் செங்கல் இடிபாடுகள். நடுவே கருங்கல்லில், அளவில் சிறியதாய், விமானத்தோடு, அப்படியே நம் ஊர்க் கோயில். சுவரில் தமிழ்க் கல்வெட்டு. கருவறையில் லிங்கம், பெரும்பாலும் யாரோ வைத்துவிட்டுப் போன இரண்டு பூவோடு. வழிகாட்டிகள் இதை ஐந்து நிமிடத்தில் கடத்திவிடப் பார்ப்பார்கள். நீங்கள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

நகரின் மையத்தில் வேளைக்காரப் படையின் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. புத்தரின் பல் சின்னத்தைக் காப்பதாகத் தமிழ்ப் படையினர் ஏற்ற உறுதிமொழி அது. அந்தக் காலத்தில் மொழியும் மதமும் இன்று நாம் நினைக்கிற மாதிரிப் பிரிந்து கிடக்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

கல் விகாரை இந்த நகரத்தின் உச்சம். முதலாம் பராக்கிரமபாகு காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், ஒரே பாறை முகத்தில் செதுக்கிய நான்கு உருவங்கள். சாய்ந்திருக்கும் புத்தர் 14 மீட்டர் நீளம், நிற்கும் உருவம் 7 மீட்டர் உயரம். பாறையின் இயற்கையான வரிகள் முகத்தின் குறுக்கே ஓடுகின்றன. சிற்பி அவற்றை மறைக்கவில்லை. தலையணையில் தலை அழுந்திய பள்ளத்தைக் கவனியுங்கள். கல்லில் செய்திருக்கிறார்கள். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது இங்கே பெரிய அவமதிப்பு. காவலர் ஓடி வந்து தடுப்பார்.

இடிபாடுகள் பல கிலோமீட்டர் பரவியிருக்கின்றன. வாசலுக்கு அருகே வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். நிலம் சமதளம், நிழல் மரங்கள் நிறைய. தீவிலேயே சைக்கிளில் பார்க்க மிகப் பொருத்தமான இடம் இதுதான் என்பேன்.

மலையேறும் ரயில்

பெரதெனியா தாண்டியதும் ரயில் மூச்சு வாங்கத் தொடங்கும். கோப்பியை இறக்க 1864இல் தொடங்கிய பாதை, தேயிலையைப் பின்தொடர்ந்து 1924இல் பதுளையைத் தொட்டது. கண்டியிலிருந்து எல்ல வரை ஆறேழு மணி நேரம். முழுதும் வேண்டாம் என்றால் நானுஓயா முதல் எல்ல வரையுள்ள பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், காட்சியில் பாதிக்கு மேல் அதில் வந்துவிடும். வழியில் பட்டிப்பொல, 1,892 மீட்டரில் உள்ள தீவின் மிக உயரமான ரயில் நிலையம்.

முன்பதிவுச் சீட்டு பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்தும் போகும். கிடைக்கவில்லையே என்று, யாரோ வெளியே நின்று பல மடங்கு விலைக்கு விற்பதை வாங்காதீர்கள். முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புச் சீட்டு அன்றன்று நிலையத்திலேயே கிடைக்கும், விலை மிகக் குறைவு. நின்றுகொண்டு போக வேண்டி வரலாம். ஆனால் வடை விற்பவர் அந்தப் பெட்டிக்குத்தான் அடிக்கடி வருவார், மலையகத் தமிழும் அங்கேதான் காதில் விழும். குளிர்சாதனப் பெட்டியை எடுக்காதீர்கள், ஜன்னல் திறக்காது. கதவில் தொங்கிப் படம் எடுக்கும் மோகம் வேண்டாம், சுரங்கப்பாதையின் சுவர் ஒரு முழ தூரத்தில் உரசிக்கொண்டு போகும்.

ஜன்னலுக்கு வெளியே கொழுந்து பறிக்கிற பெண்களைக் கண்டதும் எல்லோரும் கைப்பேசியைத் தூக்குவார்கள். அவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்கள் திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணி பின்னால் நடந்தே வந்தவர்கள். 1948இல் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் பல லட்சம் பேரைத் திருப்பி அனுப்ப வழி செய்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் நீங்கள் சந்திக்கும் 'சிலோன்காரர்' அவர்கள்தான். இறங்கிப் போய், "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று தமிழில் கேளுங்கள். "எந்த ஊருங்க நீங்க?" என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். பிறகு படம் எடுக்க மறந்தாலும் பரவாயில்லை.

எல்லவில் இறங்குவோர் பார்க்க ஓடும் இடம் ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடித்தது. 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். கல்லும் செங்கல்லும் சிமெண்டும்தான், இரும்புத் தூண் கிடையாது. முதல் உலகப் போருக்கு இரும்பு போய்விட்டதால் இப்படிக் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை. ரயில் வராத நேரத்தில் போனால் வெறும் பாலம். ஆகவே ரயில் நேரத்தை எல்ல நிலையத்தில் கேட்டுக்கொண்டு அரை மணி முன்பே மேலே தேயிலைச் சரிவில் இடம் பிடியுங்கள். அடுத்த நிலையமான தெமோதரையில் கூட்டமே இருக்காது, அதிசயம் மட்டும் உண்டு: ரயில் நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே வெளியே வரும்.

அருவி தேடுபவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இரண்டு. ஹல்துமுல்லை அருகே பம்பரக்கந்தை, 263 மீட்டர், தீவில் மிக உயரமானது. கொஸ்லாந்தை அருகே தியலும, 220 மீட்டர். இரண்டுமே மழைக்குப் பிந்திய வாரங்களில்தான் அருவி. கோடையில் பாறையில் ஈரக்கோடு. எல்ல சாலையோரத்தில் இருக்கும் இராவணன் அருவி உயரத்தில் சாதாரணம்தான். பெயருக்காக வண்டியை நிறுத்துகிறார்கள்.

உலக முடிவு: ஒன்பது மணிக்குள்

ஹோர்ட்டன் சமவெளியில் என் முதல் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவில் நிதானமாக இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். 'உலக முடிவு' என்ற பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றபோது மணி பத்தே முக்கால். கீழே 870 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் பள்ளம் என்று புத்தகத்தில் இருந்தது. எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது வெள்ளைத் துணி விரித்த மாதிரி மூடுபனி. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். துணி அசையவே இல்லை.

அடுத்த முறை நான்கரை மணிக்குக் கிளம்பி, ஆறு மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போய், ஏழரைக்கு விளிம்பில் நின்றேன். அடிவாரத்தில் தேயிலைத் தோட்டங்களும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் தீப்பெட்டி அடுக்கினது போல. அதற்கப்பால் சமவெளி, குளங்கள். சமவெளியின் ஈரம் வெயிலில் எழுந்து மேலே வரும்வரைதான் இந்தக் காட்சி. அது ஒன்பது, பத்து மணிக்கு வந்துவிடும். மாதங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது.

நடைப்பாதை ஒரு வட்டம், ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், மூன்று மணி நேரம். முதலில் உலக முடிவுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பேக்கர் அருவியைப் பாருங்கள், அதற்குப் பனி குறுக்கே வராது. 2,100 மீட்டர் உயரம். காலையில் பல் கிட்டும், பத்து மணிக்கு முதுகு பொரியும். ஸ்வெட்டர், தொப்பி இரண்டும் தேவை. வாசலில் பையைத் திறந்து பார்த்து பிஸ்கட் உறையைக்கூட உரித்து எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் இந்தப் புல்வெளியிலிருந்துதான் நீர் போகிறது. வாகனம் நிறுத்துமிடத்தில் மரைகள் (நாம் கடமான் என்போம்) பக்கத்தில் வந்து நிற்கும். தீனி போடாதீர்கள்.

விளிம்பில் பெரும்பகுதிக்குத் தடுப்பு இல்லை. பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

சிவனொளிபாதமலை

2,243 மீட்டர். தீவின் மிக உயர்ந்த சிகரம் அல்ல; ஆனால் மிக அதிகமான கால்கள் ஏறிய சிகரம். உச்சிப் பாறையிலுள்ள பாதச்சுவடு சிவனுடையது என்கிறோம் நாம். பௌத்தர்களுக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. 14ஆம் நூற்றாண்டில் இபன் பதூதா ஏறிவிட்டு எழுதி வைத்திருக்கிறார்.

பருவம் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை. அப்போது வழி முழுக்க விளக்கு, தேநீர்க் கடைகள். மற்ற மாதங்களில் இருட்டு, மழை, அட்டை. ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போங்கள். அங்கிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இரவு இரண்டு மணிக்குத் தொடங்கினால் விடியலுக்குச் சரியாக இருக்கும். வார நாளாகப் பாருங்கள். போயா இரவில் வரிசை நகராமல் பாதி வழியிலேயே சூரியன் உதித்துவிடும்.

மேலே போனதும் எல்லோரும் கிழக்கைப் பார்த்து நிற்பார்கள். சூரியன் வந்த சில நிமிடங்களில் நீங்கள் மேற்குப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். மலையின் நிழல், திருத்தமான முக்கோணமாக, கீழே பனியின் மீதும் காட்டின் மீதும் நீண்டு கிடக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கிக் காலடிக்கு வந்துவிடும். உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது முறை ஏறுகிறீர்களோ அத்தனை முறை அடிக்க வேண்டும் என்பது வழக்கம். எனக்கு ஒன்றுதான். பின்னால் வந்த கிழவி அடித்துக்கொண்டே இருந்தார்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். மறுநாள் வேறு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

தெற்கு, சுருக்கமாக

காலிக் கோட்டைக்கு ஒரு மாலை போதும். மதில் மேல் நடந்து சூரியன் மறைவதைப் பாருங்கள். மிரிசையில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நீலத் திமிங்கிலம் பார்க்கப் படகுகள் போகும், காலையில் வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்கள். சிங்கராஜக் காட்டில் அட்டைக்குத் துணிக் காலுறை வாடகைக்குக் கிடைக்கும். யாலவில் சிறுத்தை தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இந்த இடங்களைப் பற்றி எல்லாப் புத்தகங்களும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டன, நான் கிழக்கே போகிறேன்.

திருகோணமலை

கோட்டை வாசல் வழியாகத்தான் கோணேசுவரம் கோயிலுக்கு வழி. வாசல் தூணில் இரட்டை மீன் செதுக்கியிருப்பதைப் பாருங்கள். 1620களில் போர்த்துக்கீசர் கோணேசுவரத்தை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையை எழுப்பினார்கள். சம்பந்தர் பாடிய தலம். இடிந்த கோயிலின் எச்சங்கள் கடலுக்கடியில் கிடப்பதை 1956இல் மூழ்கிக் கண்டவர்கள் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும், ஆம், அறிவியல் புனைகதை எழுதிய அதே கிளார்க். இன்றைய கோயில் புதியது. பழையது அந்தப் பாறைதான். கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுவாமிமலையின் விளிம்பில், பாறை பிளந்தது போன்ற இடுக்கு ஒன்று உண்டு, இராவணன் வெட்டு. மாலை பூஜைக்குப் போய், விளக்கு வைத்த பிறகு கீழே அலை மோதும் ஓசையைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் கையிலுள்ள பிளாஸ்டிக் பையையே தின்னப் பார்க்கும்.

நகருக்கு வெளியே கன்னியா வெந்நீர்க் கிணறுகள். சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள், நீர் இடுப்பளவுகூட இராது. ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஆழத்தில் சூடேறிய நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளின் வழியே மேலே வருகிறது. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் வாளால் குத்திய இடங்கள் என்பது கதை. இறங்கிக் குளிக்க முடியாது; வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளலாம். சோப்பு கூடாது. மாற்றுடை எடுத்துப் போங்கள்.

நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு. மே முதல் செப்டம்பர் வரை கடல் கண்ணாடி. முகமூடி போட்டு மிதந்தாலே பவளப்பாறையும் மீன்களும் தெரியும். சிறு சுறாக்கள் வரும், கடிக்காது. பவளத்தின் மேல் கால் வைத்து நிற்காதீர்கள், அது உயிருள்ளது.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை, நாடு முழுமைக்கும் பொருந்தும்: சம்பலிலும் பல காய்க்கறிகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. "மாசி போடாததா?" என்று கேட்டு வாங்குங்கள்.

யாழ்ப்பாணம்: ஆறில்லாத நாட்டின் கிணறுகள்

சென்னையிலிருந்து விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசந்துறைக்கு 2023இல் தொடங்கிய கப்பலும் உண்டு. வாடை மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் அதை நிறுத்திவிடுவது வழக்கம். முன்கூட்டியே விசாரியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. சுண்ணாம்புக் கல்லால் ஆன தட்டையான நிலம். பெய்த மழையெல்லாம் கல்லின் துளைகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. இது தெரியாமல் பார்த்தால் நிலாவரை வெறும் கிணறு. புத்தூருக்கு அருகே நவக்கிரியில் சாலையோரமாய்ச் சதுரக் குளம் போல் இருக்கும். மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. அடியே இல்லை என்று ஊரார் சொல்வார்கள்; குகைக்கூரை இடிந்து திறந்த பள்ளம் அது. எட்டிப் பார்க்கலாம், குதிக்கக் கூடாது.

கீரிமலையில் அதே நீரின் இன்னொரு முகம். கடலுக்கு ஒட்டினாற்போல் கேணி. சுவருக்கு அந்தப் பக்கம் உப்பலை அடிக்கும், இந்தப் பக்கம் குளிர்ந்த நன்னீர். ஆண்களுக்குத் திறந்த கேணி, பெண்களுக்கு மறைப்புச் சுவருள்ள தனிக் கேணி. கீரிமுகம் நீங்கிய நகுல முனிவர் கதையோடு நகுலேசுவரம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடனுக்கு வருவோரால் கால் வைக்க இடமிருக்காது. போர்க்காலத்தில் இந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. வழியில் கூரையற்ற வீடுகளைப் பார்ப்பீர்கள். ஓட்டோக்காரரை அண்ணை என்று கூப்பிட்டுப் பேச்சுக் கொடுங்கள், ஆனால் அவர் சொல்லாததைத் துருவிக் கேட்காதீர்கள்.

கடைசியாக நெடுந்தீவு. யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, கடலுக்கு நடுவே போகும் தாம்போதிச் சாலையில் குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ். அங்கிருந்து படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம். தீவெங்கும் பவளக்கல் அடுக்கிய வேலிகள், சாந்து கிடையாது. ஒல்லாந்தர் காலத்தின் எச்சமாகச் சொல்லப்படும் காட்டுக் குதிரைகள் தெற்குப் பக்க வெளிகளில் மேயும். ஆப்பிரிக்காவிலிருந்து அரபு வணிகர் கொண்டுவந்ததாகக் கருதப்படும் பெருக்கமரம் ஒன்று, உள்ளே ஆள் நுழையும் பொந்தோடு நிற்கிறது. இறங்கியதும் ஓட்டோ பேசிக்கொண்டால் மூன்று மணி நேரத்தில் சுற்றிவிடலாம். தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டு போங்கள், கடைகள் குறைவு. காலையில் முதல் படகில் போங்கள். இறங்கும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் மறுநாள் காலைதான்.